மாட்டினால் அறு

கடலடி கேபிள் – மீனவர் ஒத்துழைப்பு மன்றம் தொடங்கி மூன்று ஆண்டுகளில் ஒரு கேபிளுக்குக்கூடக் காயம் பட்டதில்லை. எந்தக் கூட்டமானாலும் மன்றத்தின் இயக்குநர் ஸ்ரீவத்சன் இதைத்தான் முதலில் சொல்வார். காயம் என்பது அவருடைய சொல். கேபிளின் உடல்நிலை, கேபிளுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி, கேபிள் தேறிவருகிறது என்றெல்லாம் அவர் பேசுவதைக் கேட்டால் மருத்துவமனை வராந்தாவில் நிற்பது போலிருக்கும். மீனவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் தரப்பு என்றும் இடையூறு என்றும் சொல்வார்.

மூன்றாம் ஆண்டின் ஆடி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பட்டினப்பாக்கத்தை ஒட்டிய குப்பத்தைச் சேர்ந்த மண்ணாங்கட்டி கடலில் மூழ்கி இறந்தான். கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு மன்றத்தின் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கு மாதங்களுக்கு ஒருமுறை குப்பத்துச் சமூகக்கூடத்தில் பயிற்சி நடக்கும். ஒவ்வொருவருக்கும் மஞ்சள் பிடி போட்ட கத்தி ஒன்றும் பிரியாணிப் பொட்டலம் ஒன்றும் உண்டு. நங்கூரமோ வலையோ கேபிளில் மாட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது, எஞ்சினை முடுக்கக் கூடாது, கயிற்றை அறுத்துவிட்டு வந்துவிட வேண்டும். 'மாட்டினால் அறு' என்று எல்லாரும் சேர்ந்து இருபது முறை சொல்ல வேண்டும். பிறகு பயிற்சியாளர் ஒருவர் ஒவ்வொருவன்மேலும் ஒரு கயிற்றை வீசி எண்ணத் தொடங்குவார். பத்து நொடிக்குள் அறுத்தவனுக்குத் துண்டு போர்த்துவார்கள். போன வருடம் ஒருவன் ஆறாவது நொடியில் கயிற்றோடு தன் தொடையையும் அறுத்துக்கொண்டான். பன்னிரண்டு தையல். 'பயிற்சி ஆழமாக இறங்கியிருக்கிறது' என்று கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டது.

கேபிள் எங்கே கிடக்கிறது என்பதை மட்டும் பயிற்சியில் சொல்லமாட்டார்கள். அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. மன்றத்தின் பாதுகாப்பு ஆலோசகர் சண்முகசுந்தரம் அதை விளக்குவார். ஓய்வுபெற்ற பிறகும் இன்னும் ஓய்வெடுக்காத மீசை அவருக்கு. கேபிள் கிடக்கும் இடத்தில் நங்கூரம் போடக் கூடாது, அந்த இடம் எது என்று கேட்கவும் கூடாது. தெரியாத இடத்தில் எப்படிப் போடாமலிருப்பது என்று ஒரு பெரியவர் எழுந்து கேட்டபோது, போட்டால் தெரிந்துவிடும் என்று அவர் பதில் சொன்னார்.

மீனவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். மாதா கோயில் கூம்பும் லைட் ஹவுசும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் கோடு. பதினேழு பாகம் ஆழம். எத்தனையோ வலைகளைக் கிழித்துக்கொண்டு கற்ற இடம். அங்கே யாரும் நங்கூரம் போடமாட்டார்கள். அன்று மண்ணாங்கட்டியும் அங்கே போடவில்லை. வடக்கே போட்டான். கடலடி நீரோட்டமான வெள்ளம் படகைத் தள்ளிக்கொண்டே போயிற்று. நங்கூரமும் மண்ணைக் கீறிக்கொண்டு பின்னாலேயே போய்க் கேபிளில் விழுந்து பிடித்துக்கொண்டது.

படகில் இரண்டு பேர். முன்புறம் அணியத்தில் மண்ணாங்கட்டி, எஞ்சினருகே அவன் தம்பி அய்யாதுரை. ஓர் அலை படகைத் தூக்கியது. தரையில் சுருண்டு கிடந்த கயிறு ஒரு கணத்தில் நேராயிற்று. அதன் வளையம் ஒன்று மண்ணாங்கட்டியின் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு அவனைப் படகின் விளிம்பில் அடித்து வெளியே எறிந்தது. விளிம்பில் பட்டது நெற்றி. படகுக்கும் கடலடிக்கும் நடுவே விறைத்து நின்ற கயிற்றில், நீர்மட்டத்திலிருந்து ஓர் ஆள் ஆழத்தில் அவன் மாட்டிக்கொண்டான். இரண்டு முறை கை வெளியே வந்தது.

அய்யாதுரை கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுத்தால் அண்ணன் வந்திருப்பான், கேபிளும் கொஞ்சம் அசைந்திருக்கும். ஆனால் ஒன்பது பயிற்சிகளில் அவன் கைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது ஒன்றுதான். ஏழு நொடியில் அறுத்தான். விறைப்பு போன கயிறு தண்ணீருக்குள் சர்ரென்று இறங்கியது. அது ஒரு மனிதனைக் கட்டியிருக்கும் கயிறு என்பது எட்டாவது நொடியில் அவனுக்கு உறைத்தது. குதித்தான். மூன்று முறை மூழ்கினான். காதில் ரத்தம் வந்தது.

கரையில் அவன் இதைச் சொல்லி முடித்ததும் மண்ணாங்கட்டியின் மனைவி முத்துமாரி அவனைத் துடுப்பால் அடித்தாள். முதல் அடி தோளில். இரண்டாவது வாயில். அவன் நகரவில்லை. எத்தனை அடி என்று அவள் எண்ணவில்லை. துடுப்பு முறிந்ததும் நிறுத்தினாள். அவன் கையைத் தூக்கி ஒரு அடியையாவது தடுத்திருந்தால் தன்னால் அழ முடிந்திருக்கும் என்று பிறகு நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஸ்ரீவத்சன் குப்பத்துக்கு வந்தார். உடன் ஒரு மாலையும் போட்டோகிராபரும். மாலையை யாருக்குப் போடுவது என்ற குழப்பத்தில் முதலில் முத்துமாரியை நோக்கி வந்து, பிறகு நினைவு வந்தவராக அய்யாதுரையின் கழுத்தில் போட்டார். ஒரு மீனவன் தன் சொந்த உறவையும் பொருட்படுத்தாமல் கேபிளின் பக்கம் நின்றது தெற்காசியாவிலேயே முதல் முறை என்றார். வாய் கிழிந்திருந்ததால் அய்யாதுரையால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நடந்ததைப் பற்றி மன்றம் எழுதிய அறிக்கையின் நகல் முத்துமாரிக்கும் தரப்பட்டது. எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'தியாகம் செய்யப்பட்ட உபகரணங்கள்: நங்கூரம் ஒன்று. நைலான் கயிறு முப்பது பாகம். மற்றவை ஒன்று.'

மன்றத்தின் ஆவணப் பொறுப்பாளர் நீரஜா, மயிலாப்பூர்ப் பெண், பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினாள். 'மற்றவை' என்பது சங்கடமாக இருந்தால் மாற்றிவிடலாம் என்றாள். படிவத்தில் இன்னொரு சொல்லுக்கும் இடம் உண்டு. 'இதர'.

முத்துமாரி கேட்டது ஒன்றுதான். அவனை மேலே எடுக்க வேண்டும்.

கணுக்காலில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் நங்கூரம். நங்கூரம் கேபிளைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது. கடலில் போனவன் சில நாளில் மேலே வருவான் என்பது அவளுக்குத் தெரியும். இவன் வர முடியாது. ஒரு கால் கட்டப்பட்டு, தலை மேலே, தண்ணீருக்குள் நின்றுகொண்டிருப்பான். அந்த நிற்றல்தான் அவளைத் தூங்க விடவில்லை. வீட்டில் அவன் எப்போதும் எங்கேயாவது சாய்ந்துகொண்டே இருப்பவன். அவள் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. லூப் ரோட்டில் பலகை போட்டு உட்கார்ந்தாள். ஆனால் ஒவ்வொரு மீனின் வயிற்றையும் கீறும்போது கத்தி மெதுவாக இறங்கியது. உள்ளே எதைத் தேடுகிறாள் என்பது தெரிந்ததும் கூடையைக் கடலிலேயே கொட்டிவிட்டு வந்தாள்.

நான்காம் நாள் குப்பத்தின் மூன்று படகுகள் பாதாளக் கொலுசோடு போயின. பல கொக்கிகள் உள்ள இரும்பு அது. அதை இறக்கித் துழாவினால் கயிறு சிக்கும். கோடு ஏறும் இடத்தில் மன்றத்தின் ரோந்துப் படகு நின்றுகொண்டிருந்தது. ஆரஞ்சு நிறக் கொடி, சுழலும் விளக்கு, அரைக் கிலோமீட்டருக்குக் கேட்கும் ஒலிபெருக்கி. இந்த இடத்தில் ஒன்றும் இல்லை, விலகிப் போங்கள் என்று அது அறிவித்துக்கொண்டிருந்தது. மீனவர்கள் விலகவில்லை. ரோந்துப் படகு வேகமெடுத்து வந்து முதல் படகை நடுவில் இடித்தது. பைபர் பிளந்தது. ஒருவனுக்குக் கழுத்தெலும்பு, ஒருவனுக்கு மூன்று விலா. தண்ணீரில் கிடந்தவர்களை ஆரஞ்சுச் சட்டை போட்ட காவலர்கள் நீண்ட கொக்கிக் கழியால் தலையில் தட்டித் தட்டித் தள்ளிவிட்டார்கள். கூட்டக் குறிப்பில் நீரஜா எழுதியது: 'இரு தரப்புப் படகுகளும் மிக நெருங்கி ஒத்துழைத்தன.'

நல்ல பெண். சண்டை, தாக்குதல், காயம் போன்ற சொற்களைக் கணினி ஏற்பதில்லை என்று பிற்பாடு முத்துமாரியிடம் வருத்தத்தோடு சொன்னாள். அவற்றை அடித்தால் சிவப்புக் கோடு விழுந்து பக்கம் முன்னே போகாது. காயம் என்ற சொல் கேபிளுக்கென்று எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

ஐந்தாம் நாள் முத்துமாரி தேனாம்பேட்டைக்குப் போனாள். மன்றத்தின் அலுவலகம் அண்ணா சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடி. துணைக்குக் குப்பத்து ஆண்கள் எட்டுப் பேர் வந்து வாசலில் நின்றார்கள். தனியார் முக்குளிப்பவர்கள் இருந்தார்கள். இறங்கத் தயார்தான், ஆனால் மன்றத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றிருந்தார்கள். அதற்கு நாற்பது கட்டம் உள்ள படிவம். முப்பத்தொன்பதை நீரஜா உதவியோடு நிரப்பினாள். கடைசிக் கட்டம்: 'பொருள் இருக்கும் இடம், துல்லியமாக.' அடியில் சின்ன எழுத்தில்: 'கேபிளின் வழித்தடத்தை வெளிப்படுத்துவது குற்றமாகும்.'

முத்துமாரி 'கடல்' என்று எழுதினாள். விவரம் போதாது என்று திரும்பி வந்தது. 'பெரிய கடல்' என்று எழுதலாமா என்று யோசித்தாள். பிறகு கோபம் வந்து, கூம்பு, லைட் ஹவுஸ், பதினேழு பாகம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். இரண்டு நிமிடத்தில் சண்முகசுந்தரம் இரண்டு காவலர்களோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

இந்தத் தகவல் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்.

"ஒங்க போட்டே அதுக்கு மேலதான சார் கொடி கட்டிக்கினு நிக்குது."

"அது வேற காரணத்துக்காக நிக்குது."

"இன்னா காரணம்?"

"அந்த இடம் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

முத்துமாரி அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பின் அடையாளம் எங்கேயாவது இருக்கும் என்று தேடினாள். இல்லை. தன் மண்டைக்குள் ஏதோ ஒன்று மெல்லக் கழன்றுகொள்வது போலிருந்தது. இத்தனை நாளும் தனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்திருந்தாள். படித்தவர்கள் சொல்வது தனக்கு எட்டவில்லை, இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்டால் எட்டும் என்று. இப்போது அந்த நினைப்பு போய்விட்டது. அது போனதும் பயம் அதிகமாயிற்று.

வெளிப்படுத்திய குற்றத்துக்காகப் படிவத்தைப் பறிமுதல் செய்வதாகவும், அவள் மனத்திலிருந்தும் அந்த இடத்தை நீக்கிவிட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சண்முகசுந்தரம் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். காவலர்களில் ஒருவன் அவள் மணிக்கட்டை முறுக்கிப் பேனாவைத் திணித்தான். வளையல் உடைந்து உள்ளங்கையில் ஏறியது. கத்தல் கேட்டுக் கீழே நின்ற எட்டுப் பேரும் மாடிப்படி வழியாக ஏறி வந்தார்கள். அதன் பிறகு அரை மணி நேரம் ஐந்தாம் மாடியில் நாற்காலிகள் பறந்தன. ஒருவன் கண்ணாடித் தடுப்பின் வழியாக அடுத்த அறைக்குப் போனான், கதவு இருந்தும். தடிகள் உயர்ந்து இறங்கின. ஒரு காவலனின் காதின் பாதி தரையில் கிடந்தது. அது யாருடையது என்று கேட்டுக்கொண்டே அவன் தேடினான். கூட்டக் குறிப்பு: 'தரப்புகள் தத்தம் நிலைப்பாட்டை வலுவாக எடுத்துவைத்தன. தேநீர் வழங்கப்படவில்லை.'

ஏழாம் நாள் ஸ்ரீவத்சன் அவளைத் தனியாகக் கூப்பிட்டனுப்பினார். தன் அறையில் உட்காரவைத்து, தன் கையாலேயே காபி எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். நடந்ததைக் கேட்டு அவருக்கு இரண்டு நாளாகச் சாப்பாடே இறங்கவில்லையாம். ஒத்துழைப்பு நாள் விழா வருகிற வியாழக்கிழமை தி. நகர் மண்டபத்தில் நடக்கப்போகிறது, சிங்கப்பூர்த் தலைமையகம் நேரலையில் பார்க்கும், அவள் மேடையில் வந்து உட்கார வேண்டும் என்றார். பேச வேண்டியதில்லை. வெள்ளையாக ஒரு புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

அவரை மேலே எடுத்துக் கொடுங்கள், எங்கே வேண்டுமானாலும் உட்காருகிறேன் என்றாள் முத்துமாரி.

ஸ்ரீவத்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாருங்கோம்மா. எங்காத்துல எங்க மாமனார் போனப்போ நானும் துடிச்சுப் போயிட்டேன். அதனால சொல்றேன். மனுஷாளுக்கு ஒண்ணுன்னா நாலு டிபார்ட்மென்ட், நாலு கையெழுத்து. அது அப்படித்தான். ஆனா கேபிள் அப்படி இல்லே. அது வாயில்லா ஜீவன். ஒரு மயிரிழை விரிசல் விட்டாக்கூட ஆறு மணி நேரத்துல கப்பல் வந்து நிக்கும். ராப்பகலா தயாரா நிக்கறது. கடலுக்கு அடியில இருக்கறதை ரெண்டு பக்கமும் அலுங்காம மேல தூக்கி, தொடைச்சு, ஒட்டி, கொழந்தையைப் படுக்க வைக்கற மாதிரி திருப்பிப் படுக்க வெப்பா. பார்த்தா கண்ல ஜலம் வந்துடும்."

"மேல தூக்குவாங்களா சார்?"

"தூக்காம எப்படிம்மா ஒட்டறது?"

"ஆறு மணி நேரத்துல."

"போன ஒத்திகையில அஞ்சே முக்கால்ல வந்துட்டா," என்றார் ஸ்ரீவத்சன் பெருமையோடு.

முத்துமாரி காபியைக் குடித்து முடித்தாள். விழாவுக்கு வருவதாகச் சொன்னாள். ரோந்துப் படகின் காவலர்கள் அத்தனை பேருக்கும் அன்று மேடையில் சால்வை உண்டு, அவர்களும் அவளுக்கு அண்ணன் தம்பிகள் மாதிரிதான், மனத்தில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஸ்ரீவத்சன் சொல்லிக்கொண்டே லிஃப்ட் வரை வந்தார். அப்படியானால் அன்று கடலில் யார் நிற்பார்கள் என்று அவள் கேட்கவில்லை.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மயிலாப்பூர்க் குளம் வரும்வரை ஒன்றும் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. செய்ய வேண்டியது என்ன என்பது கண்ணெதிரே தெளிவாக இருந்தது. யார் செய்ய வேண்டும் என்பதும். அந்த வேலைக்குப் போகிறவன் திரும்பி வராமல் போகலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் அவனை நினைக்கிறாளா? அவனும் போய்விட்டால் கணக்கு நேராகிவிடும் என்று உள்ளே எங்கேயோ ஒரு குரல் சொன்னது. அது தன் குரல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதன் வாயை அடைக்க அவள் எதுவும் செய்யவில்லை.

அய்யாதுரை தினமும் அவள் வீட்டுக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்திருப்பான். சாப்பிடுவது அவ்வப்போதுதான். அன்று மாலை முத்துமாரி வாசலில் நின்று பக்கத்து வீட்டு அங்காளம்மாளிடம் பேசினாள். கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

"அங்காளம்மா, கேட்டுக்க. ஆளு செத்தா வரமாட்டானுங்களாம். கேபிளு அறுந்தா ஆறு மணி நேரத்துல கப்பலு இட்டாந்து, ரெண்டு பக்கமும் மேல தூக்கித்தான் ஒட்டுவானுங்களாம். அதுல இன்னா மாட்டிக்கினு கீதோ அதுவும் மேல வரும். வியாழக்கிழமை காத்தால ரோந்து போட்டும் அங்க இருக்காது. நான் தி. நகர்ல மேடையில குந்திக்கினு இருப்பேன்."

அங்காளம்மாள் ஒன்றும் புரியாமல் தலையாட்டினாள். படகின் நிழலில் இருந்தவன் எழுந்து, இடுப்பிலிருந்த மஞ்சள் பிடிக் கத்தியை எடுத்து மணலில் எறிந்துவிட்டு நடந்தான்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு விழா தொடங்கியது. குளிரூட்டிய மண்டபம். மேடையில் கேபிளின் குறுக்குவெட்டுத் தோற்றத்தில் பெரிய பூ அலங்காரம். முத்துமாரியின் நாற்காலியில் 'துணைவி' என்று அட்டை ஒட்டியிருந்தது. அவளுக்கு அடுத்த நாற்காலியில் 'சிறந்த ஒத்துழைப்பாளர்'. அது காலியாக இருந்தது. ரோந்துக் காவலர்கள் வரிசையாகச் சால்வை வாங்கினார்கள். அவர்களில் ஒருவன் அவளைப் பார்த்துக் கும்பிட்டான். காதில் கட்டு.

சண்முகசுந்தரம் பேசினார். முரண்டு பிடிப்பவர்களையும் ஒத்துழைக்கவைப்பதுதான் உண்மையான ஒத்துழைப்பு, தானாக ஒத்துழைப்பவனிடம் நமக்கு என்ன வேலை என்றார். பிறகு ஸ்ரீவத்சன் எழுந்தார். பின்னால் பெரிய திரையில் சிங்கப்பூரின் ஆறு முகங்கள்.

முத்துமாரி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்நேரம் கோடு ஏறியிருக்கும். இந்நேரம் நங்கூரத்தை இறக்கியிருப்பான். அவன் வேண்டாம் என்று திரும்பிவிட்டால்கூடத் தான் திட்டமாட்டோம் என்று தோன்றியது. அடுத்த கணமே, திரும்பி வந்தால் இன்னொரு துடுப்பு இருக்கிறது என்றும் தோன்றியது. இரண்டும் உண்மைதான். இந்த இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு, சந்தன நிற விரிப்பின் மேல், ஒரு கேமராவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு, "ஒரு கேபிளுக்குக்கூடக் காயம்" என்று ஸ்ரீவத்சன் சொல்லும்போது, சிங்கப்பூரின் ஆறு முகங்களும் அப்படியே நின்றன. ஒருவர் கொட்டாவி விட்டபடி. ஸ்ரீவத்சன் அதைக் கவனிக்காமல் இரண்டு நிமிடம் பேசினார்.

அதே நேரம் நகரத்தில் வேறு சிலதும் நின்றன. மயிலாப்பூரில் ஒரு மாமி சிங்கப்பூர்க் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வர்ணம் பாதியில் அறுந்தது. நங்கநல்லூரில் ஒரு சாஸ்திரிகள், வெளிநாட்டில் இருந்த ஒருவருக்குத் திரை வழியாகத் திவசம் செய்துவைத்துக்கொண்டிருந்தார். எள்ளும் தண்ணீரும் விடும் இடத்தில் கர்த்தாவின் கை நடுவானில் உறைந்துவிட்டது. அவர் மன்றத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, ஒரு பித்ரு பசியோடு நிற்கிறார், உடனே ஏதாவது செய்யுங்கள் என்று கத்தினார். உடனே செய்கிறோம் என்று உறுதி தரப்பட்டது.

மண்டபத்தில் விஷயம் புரிந்ததும் சண்முகசுந்தரம் முதலில் ஒலிபெருக்கிக்காரனை அறைந்தார். அவன் ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்தபோது காவலர்கள் அவனை ஏற்கெனவே கீழே தள்ளி மிதிக்கத் தொடங்கியிருந்தார்கள். பாதியில் நிறுத்துவது சரியாக இருக்காது என்று மிதித்து முடித்தார்கள். பூ அலங்காரம் சாய்ந்தது. முத்துமாரிக்குத் துணையாக வந்து வாசலில் நின்ற குப்பத்துப் பெண்களை மயிரைப் பிடித்துப் படியில் இழுத்தார்கள். அங்காளம்மாளின் முன்பல் ஒன்று போயிற்று. ஸ்ரீவத்சன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்து, "எங்கே வலிக்கிறதோ, எப்படித் துடிக்கிறதோ" என்று புலம்பினார். ஒருவர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். தனக்கு இல்லை, கேபிளுக்கு என்றார்.

முத்துமாரி எழுந்து யாருடைய அனுமதியும் இல்லாமல் வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள்.

கடலில் நடந்ததைக் கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அய்யாதுரை ரோந்து நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அதே கேபிளில் புது நங்கூரத்தை மாட்டி எஞ்சினை முழுக்கத் திருகியிருந்தான். அரை மணி நேரம். படகின் பின்பக்கம் தண்ணீர் ஏறியது. பக்கத்துப் படகில் இருந்தவர்கள் அறுத்துவிடச் சொல்லி அலறியிருக்கிறார்கள். ஒரு கத்தியையும் எறிந்திருக்கிறார்கள். அது அவன் காலடியில் கிடந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. கடைசியில் அடியில் ஏதோ விட்டது. விறைத்திருந்த கயிறு சவுக்குப் போலத் திரும்பி வந்து அவன் முகத்தில் விழுந்தது. இடது கண் அந்த இடத்திலேயே போய்விட்டது.

கப்பல் ஐந்து மணி நேரம் இருபது நிமிடத்தில் வந்தது. மன்றத்தின் வரலாற்றில் அது சாதனை. வெள்ளை உடுப்புப் போட்ட பன்னிரண்டு பேர், கையுறைகளோடு, கேபிளின் இரண்டு பக்கங்களையும் மெல்ல மெல்ல மேலே எடுத்தார்கள். தெற்குப் பக்கத்தோடு ஒரு பழைய நங்கூரம் வந்தது. நங்கூரத்தோடு கயிறு வந்தது. கயிற்றின் முடிவில் இருந்தது கேபிளின் மேலுறையில் உராய்ந்து சிராய்ப்பு ஏற்படுத்தியிருப்பதாகக் கப்பலிலிருந்து செய்தி வந்தது. அதை உடனே அகற்ற வேண்டும் என்று ஸ்ரீவத்சன் உத்தரவிட்டார். தடையில்லாச் சான்று, நாற்பது கட்டப் படிவம் எதுவும் தேவைப்படவில்லை.

சூரியன் மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில், மன்றத்தின் சின்னம் போட்ட ஆரஞ்சு தார்ப்பாயில் சுற்றிக் கரையில் இறக்கினார்கள். குப்பம் முழுவதும் மணலில் நின்றது. நாற்றம் காற்றோடு வந்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. நீரஜா அட்டையில் ஒரு தாளைச் செருகிக்கொண்டு வந்தாள். 'கேபிளிலிருந்து அகற்றப்பட்ட வெளிப்பொருள் ஒன்று பெற்றுக்கொண்டேன்.' அவள் கண்கள் சிவந்திருந்தன.

"படிக்காம போட்டுடுங்கோக்கா," என்றாள்.

முத்துமாரி படித்துவிட்டுத்தான் போட்டாள்.

மண்டியிட்டுத் தார்ப்பாயின் ஒரு முனையை விலக்கினாள். கணுக்கால். கயிறு சதைக்குள் போயிருந்தது. விரலால் பிரித்துப் பார்த்தாள். வரவில்லை. பல்லால் கடித்தாள். உப்பு. பிறகு அப்படியே விட்டு மூடினாள்.

கொஞ்சம் தள்ளி, இரண்டு காவலர்களுக்கு நடுவே அய்யாதுரை நின்றான். முகத்தில் பாதியைச் சுற்றியிருந்த வேட்டித் துணியில் ரத்தம் ஊறிக் கருத்திருந்தது. சண்முகசுந்தரம் அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்து, கேபிள் அங்கே இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி என்றார். அவனுடைய ஒற்றைக் கண் தார்ப்பாயின் மேலேயே இருந்தது.

தூக்குவதற்கு ஆண்கள் முன்னே வந்தார்கள். முத்துமாரி கையைக் காட்டி நிறுத்தினாள். தலைமாட்டில் போய்க் குனிந்து, தார்ப்பாயை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அய்யாதுரை. கால் பக்கம் வந்து புடி."

ஒன்பது நாளில் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. அவன் கால்பக்கத்தைப் பார்த்தான். நகரவில்லை. சண்முகசுந்தரம் இவன் காவலில் இருக்கிறான் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முத்துமாரி அவரைப் பார்க்கவே இல்லை. கூட்டம் ஓரடி முன்னே வந்தது. அவருடைய காவலர்கள் கூட்டத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் கைகளை எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் எடுத்துக்கொண்டார்.

அய்யாதுரை வந்து குனிந்தான். கயிறு இருந்த இடத்தில்தான் கை பட்டது. தூக்கினார்கள். தண்ணீர் ஊறிய பாரம் நடுவில் தொங்கியது. மணல் காலை உள்ளே இழுத்தது. பத்தடி போனதும் அவன் தடுமாறி முழங்காலில் விழுந்தான். பிடியை மட்டும் விடவில்லை.

"அண்ணி," என்றான். கிழிந்த வாயிலிருந்து குரல் காற்றாக வந்தது. "ரொம்ப கனமா கீறான்."

"கனக்கட்டும்," என்றாள் முத்துமாரி. "வுட்றாத."